காப்பகத்துக்குப் போகும் குழந்தைக்கு என்ன உடுத்தி அனுப்புவது? அம்மாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பூர்ப் பக்கம் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனிக்குப் போகிற அம்மாக்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு காலை வாசலில் வைத்துக்கொண்டே கேட்பார்கள். பாதி பதில் சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிடும். மீதிப் பதிலையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை செட் துணி குடுத்து விடணுங்க?

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நாலு மேல்சட்டை, அதைவிட இரண்டு கூடுதலாகக் கீழ்த்துணி. நடக்கிற பிள்ளைக்கு மூன்று செட் போதும். ஜட்டி பழக்குகிற காலமாக இருந்தால் கீழே போடுவதை மட்டும் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு என்று இங்கேயே ஒரு செட் வைத்துவிட்டுப் போவீர்கள் அல்லவா, அதை மாதம் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பிள்ளை வளர்ந்திருக்கும், துணி அப்படியே இருக்கும். தலை நுழையாத சட்டையை அழுகிற பிள்ளைக்கு மாட்டுவது இருவருக்குமே தண்டனை.

துணியை மெல்லிய பிளாஸ்டிக் கவரில் போட்டு அனுப்பாதீர்கள். பிள்ளைகள் அதைத் தலையில் கவிழ்த்து விளையாடுவார்கள். மூக்கிலும் வாயிலும் ஒட்டிக்கொண்டால் எடுக்கத் தெரியாது. துணிப்பை போதும். ஈரத்துணிக்கு மூடியுள்ள டப்பா ஒன்று வையுங்கள்.

காட்டன்னு எழுதியிருந்தா போதுமா? வேற என்ன பாக்கணும்?

பருத்தி நல்லதுதான், வியர்வையை உறிஞ்சும். அதிலும் மெல்லிய பனியன் துணியும் மல் துணியும் நம் வெயிலுக்கு ஏற்றவை. ஆனால் வாங்கும்போது வெளிப்பக்கத்தை மட்டும் பார்க்காமல் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். குழந்தையின் தோலில் படுவது அதுதான். ஓவர்லாக் தையல் தடிப்பாக இருக்கிறதா, எம்ப்ராய்டரியின் பின்பக்கம் சொரசொரக்கிறதா, கழுத்து லேபிளின் முனை குத்துகிறதா என்று உங்கள் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்புறம் பிசிறு. உங்களில் பாதிப் பேருக்குப் பிசிறு வெட்டுவதே தினசரி வேலை, அதனால் விளக்க வேண்டியதில்லை. வீட்டிலும் அதே கண்ணோடு பாருங்கள். சட்டையின் கை விளிம்பிலும் கால்சட்டையின் உள்ளேயும் தொங்குகிற நூலைப் பிடுங்காமல் வெட்டிவிடுங்கள். நெஞ்சு முழுக்க ரப்பர் பிரிண்ட் போட்ட சட்டையும் வேண்டாம். அந்த இடத்தில் காற்றுப் போகாமல் வேர்க்குரு வரும். கொஞ்ச நாளில் பிரிண்ட் உரிய ஆரம்பிக்கும்போது பிள்ளை அதைப் பிய்த்து வாயில் போடும்.

வீட்ல இதையேதான் போடறோம், ஒண்ணும் ஆகலையே. இங்க மட்டும் ஏன் வேண்டாங்கறீங்க?

நான் அதிகம் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. வீட்டில் ஒரு குழந்தையைச் சுற்றி இரண்டு மூன்று பேர் இருப்பீர்கள். இங்கே ஓர் ஆயா பல குழந்தைகளைப் பார்க்கிறார். ஒருத்திக்குச் சோறு ஊட்டும்போது இன்னொருவன் முதுகுப் பக்கம் இருப்பான். அதைவிட முக்கியம், வீட்டில் உங்கள் பிள்ளையின் துணியை உங்கள் பிள்ளை மட்டும்தான் இழுக்கும். இங்கே எல்லாப் பிள்ளைகளும் இழுப்பார்கள். இரண்டு வயதுப் பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் ஃபிராக்கில் இருக்கும் பாசியைப் பிய்த்துப் போடும், தவழ்கிற எட்டு மாதக் குழந்தை அதைத் தரையிலிருந்து பொறுக்கி வாயில் போடும். ஃபிராக் போட்டிருந்த பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆபத்து மூன்றாவது பிள்ளைக்கு.

அதனால் காப்பகத்துக்கு என்று துணி எடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். இன்னொரு பிள்ளை இழுத்தால் இதிலிருந்து ஏதாவது கழன்று வருமா? சறுக்குமரத்திலோ கதவிலோ கட்டில் கம்பியிலோ எதாவது மாட்டுமா? குழந்தையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் சட்டென்று கழற்ற முடியுமா? கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

முன்னாடி பட்டனா, பின்னாடி நாடாவா, தலை வழியா மாட்டறதா, எது நல்லதுங்க?

கைக்குழந்தைக்கு நாடா வைத்த ஜபலா வீட்டில் சௌகரியம்தான். இங்கே வேண்டாம். மற்ற பிள்ளைகள் நாடாவை இழுத்து முடிச்சை இறுக்கிவிடுவார்கள். முன்பக்கம் டிச் பட்டன் வைத்தது, அல்லது தோள்பட்டையில் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து வருகிற கழுத்துள்ள பனியன், இரண்டில் எதுவானாலும் சரி. அந்த மடிப்புத் தோளின் பயன் பல அம்மாக்களுக்குத் தெரிவதில்லை. வயிற்றுப்போக்கு முதுகு வரை ஏறிவிட்டால் சட்டையைத் தலை வழியாக எடுக்க வேண்டாம். தோளைத் தளர்த்திக் கால் வழியாக உருவிவிடலாம். முகத்தில் அழுக்குப் படாது.

ஜெர்கின்ல தலைத்தொப்பியும் கயிறும் வருதே, கயித்த உருவிடணுமா?

உருவிவிடுங்கள், இன்றைக்கே. சறுக்குமரத்தின் உச்சியில் இருக்கும் சந்தில் கயிற்றின் முடிச்சு மாட்டிக்கொண்டு பிள்ளை சறுக்கினால் உடல் எடை முழுவதும் கழுத்தில் இறங்கும். வேன் கதவிலும் இப்படி மாட்டும். அமெரிக்காவில் இந்த மாதிரி மரணங்கள் நடந்த பிறகுதான் அங்குள்ள நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2011இல் விதியாகவே கொண்டுவந்தது. ஐரோப்பாவின் இ.என். 14682 தரவிதி, ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடையில் தலைத்தொப்பியிலும் கழுத்துப் பக்கத்திலும் இழுகயிறே கூடாது என்கிறது.

ஏற்றுமதிக் கம்பெனியில் குழந்தை உருப்படி தைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கப்பலேறுகிற உருப்படியில் வைக்காத கயிற்றை நம் பிள்ளையின் கழுத்தில் மட்டும் எதற்கு வைக்க வேண்டும்? இடுப்பு நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக், தோளில் முடிச்சுப் போடும் ஃபிராக்குக்குப் பதில் தைத்த தோள். கயிறு இல்லாவிட்டாலும் தலைத்தொப்பியைப் பிடித்து இன்னொரு பிள்ளை இழுக்கலாம். தொப்பி இல்லாத சட்டையே எனக்குப் பிடித்தது.

எக்ஸ்போர்ட் மிச்சத்துல எடுத்தோம். அதுதான் தரமா இருக்குமில்ல?

இருக்கலாம். எதனால் மிச்சமானது என்பதைப் பொறுத்தது. ஆர்டருக்கு மேல் கூடுதலாகத் தைத்தது என்றால் கவலையில்லை. கழித்துப் போட்டது என்றால் காரணம் வெறும் சாயக் கறையாகவும் இருக்கலாம், பட்டன் நிற்காததாகவும் இருக்கலாம். குழந்தை உருப்படிகளைப் பெட்டியில் அடைக்கும் முன் ஊசி கண்டுபிடிக்கும் இயந்திரத்தில் விடுவார்கள், உடைந்த ஊசித்துண்டு தையலுக்குள் இருந்தால் காட்டிக்கொடுக்கும் என்பதற்காக. கழிபட்ட துணி அந்தக் கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் வாங்கி வந்ததும் எல்லாத் தையலையும் விரலால் அழுத்தித் தடவிப் பாருங்கள். மடிப்பு விளிம்பையும் எலாஸ்டிக் பட்டியையும் விட்டுவிடாதீர்கள்.

பட்டன் கெட்டியா இருக்கான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?

துணியை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்து, பட்டனை மறுகையால் நல்ல பலத்தோடு இழுத்துப் பாருங்கள். தொட்டுப் பார்ப்பது போதாது. ஒன்பது கிலோ தொங்கினால் எவ்வளவு இழுவை வருமோ அந்த அளவுக்கு இழுத்துச் சோதிக்கிற கம்பெனிகள் இருக்கின்றன. சில மலிவுச் சட்டைகளில் ஒற்றை நூல் சங்கிலித் தையலில் பட்டன் வைத்திருப்பார்கள். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். பின்பக்கத்தில் நூல் முனை தொங்கினால் சந்தேகப்படுங்கள். இரட்டை நூலில் நாலைந்து முறை ஓட்டி, பின்பக்கம் முடிச்சிட்டு, பட்டனுக்கும் துணிக்கும் நடுவே உள்ள நூல் தண்டில் சுற்றித் திரும்பத் தைத்துவிட்டால் நிற்கும். டிச் பட்டனில் வேறு சிக்கல். துணி மெல்லியதாக இருந்தால் ஓட்டையாகி, பல்லுள்ள வளையத்தோடு கழன்று வரும். ஆடுகிற டிச் பட்டனைத் திரும்ப அழுத்திவிடாதீர்கள், அந்தச் சட்டையை வீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

எவ்வளவு பெரியது ஆபத்து என்று கேட்பார்கள். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மையைச் சோதிக்க அமெரிக்காவில் வைத்திருக்கும் சிறு உருளையின் விட்டம் 3.17 சென்டிமீட்டர். அதற்குள் அடங்குகிற எதுவும் தொண்டையை அடைக்கலாம் என்று கணக்கு. நம் சட்டைப் பட்டன், பாசி, சம்கி, குஞ்சம், ஒட்டவைத்த பூ எல்லாம் அதில் தாராளமாக அடங்கும். மூன்று வயது வரை சம்கியும் பாசியும் காப்பகத்துக்கு வேண்டவே வேண்டாம்.

அரைஞாண் கயிறு கட்டியிருக்கோம். கழட்டச் சொல்லுவீங்களா?

சொல்ல மாட்டேன். ஆனால் சில விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன். கயிற்றுக்கும் இடுப்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். கால் நுழைகிற அளவுக்குத் தளர்வாகவும் இருக்கக் கூடாது. முடிச்சுக்குப் பிறகு வால் தொங்கக் கூடாது. தாயத்து, தாலிக்காசு, நாய்க்காசு என்று எதுவும் கோர்த்திருக்கக் கூடாது. கொழுகொழுவென்று இருக்கிற குழந்தைக்கு வயிற்று மடிப்புக்குள் கயிறு புதைந்து வெளியே தெரியாது. டயபர் போட்டால் அதே இடத்தில் ஈரமும் சேரும். மடிப்பை விரித்துப் பார்த்தால் சிவந்து ஒரு கோடு ஓடும், சில நேரம் தோல் உரிந்தே இருக்கும். குளிப்பாட்டும்போது தினமும் அந்த மடிப்பை விரித்துத் துடைத்து உலரவிடுங்கள். மாதம் ஒருமுறை கயிற்றை மாற்றிக் கட்டுங்கள்.

கழுத்துக் கயிறு மட்டும் கூடாது. கருப்புக் கயிறு, தாயத்து, சாமி டாலர், தங்கச் செயின் எதுவானாலும் ஜெர்கின் கயிற்றுக்குச் சொன்ன அதே காரணம்தான்.

பாட்டி ஒத்துக்க மாட்டேங்கறாங்க. தாயத்தக் கழட்டினா திருஷ்டி பட்டுடும்னு சொல்றாங்க.

பாட்டியோடு சண்டை போட வேண்டாம். அவர்களுக்கும் நமக்கும் வேண்டியது ஒன்றுதான், பிள்ளைக்கு எதுவும் ஆகக் கூடாது. காலையில் கழற்றிச் சாமி படத்தடியில் வைத்துவிட்டு, சாயங்காலம் குளிப்பாட்டியதும் அவர்கள் கையாலேயே கட்டிவிடச் சொல்லுங்கள். முதலில் முணுமுணுத்துவிட்டு அப்புறம் தாங்களே ஞாபகமாகக் கழற்றித் தருகிற பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி தூங்கும்போதும் கழுத்தில் எதுவும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

வசம்பு வளையல், கொலுசு, கம்மல் எல்லாம்?

வசம்பு வளையலைக் குழந்தை நாள் முழுக்கச் சப்பும். எச்சிலில் ஊறி நூல் இற்றுப்போய் ஒருநாள் அறுந்தால் வசம்புத் துண்டுகள் வாயிலேயே இருக்கும். வசம்பும் குழந்தை விழுங்குகிற பொருள் அல்ல. அமெரிக்காவில் 1968 முதலே உணவில் சேர்க்கத் தடை இருக்கிறது. கருகமணி வளையலும் அறுந்தால் இதே கதைதான். கொலுசில் இருக்கிற முத்தும் திருகாணியும் கழன்றுவிடும், போட்டே ஆக வேண்டும் என்றால் முத்து இல்லாத தண்டை. கம்மலில் தோடு மாதிரி ஒட்டியிருப்பது பரவாயில்லை, வளையமும் ஜிமிக்கியும் வேண்டாம். பக்கத்துப் பிள்ளை இழுத்தால் காது கிழியும்.

லங்கோட்டுக்கு ஊக்கு குத்தலாங்களா?

வேண்டாம். ஒட்டும் பட்டியோ டிச் பட்டனோ வைத்தது வாங்குங்கள். பெயர்ச்சீட்டு, கைக்குட்டை எதையும் ஊக்கால் குத்தி அனுப்ப வேண்டாம். எங்கள் ஆயாக்களும் பிள்ளைகளைத் தூக்குகிற நேரத்தில் தோளில் ஊக்குக் குத்தக் கூடாது என்று இங்கே வைத்திருக்கிறோம், முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள். நீங்கள் சேர்க்கப் போகிற காப்பகத்திலும் இதைக் கவனியுங்கள்.

ஏசி ரூம்ல தூங்க வைக்கறீங்க, குல்லாவும் ஸ்வெட்டரும் போட்டு விடட்டுமா?

வேண்டாம். பெரியவர்கள் அந்த அறையில் என்ன உடுத்தியிருக்கிறார்களோ அதைவிட ஒரு மெல்லிய அடுக்கு கூடுதலாக இருந்தால் கைக்குழந்தைக்குப் போதும். ஏசி இல்லாத சித்திரை வெயிலில் ஒற்றைப் பனியனே அதிகம். குழந்தை உடம்புச் சூட்டை வெளியேற்றுவதில் தலைக்குப் பெரிய பங்கு உண்டு, அதைக் குல்லாவால் மூடினால் சூடு உள்ளேயே தங்கும். அளவுக்கு மீறிய சூடு, தூக்கத்தில் குழந்தை திடீரென இறந்துபோவதற்கான அபாயத்தைக் கூட்டுகிறது என்பதால் வீட்டுக்குள் குல்லா வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. குல்லா நழுவி மூக்கை மூடுவதும் உண்டு. குளிருதா என்று கையையும் காலையும் தொட்டுப் பார்க்காதீர்கள், அவை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியிலும் நெஞ்சிலும் தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்ற வேண்டும்.

தூங்கும்போது கழுத்தில் கட்டிய எச்சில் துணியை அவிழ்த்துவிடுவோம். மல்லாக்கத்தான் படுக்க வைப்போம். ஒரு வயது வரை போர்வை, தலையணை கிடையாது. துணியில் சுற்றித் தூங்கிப் பழகிய குழந்தை என்றால், புரள முயற்சி செய்ய ஆரம்பித்த நாளோடு சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும். கை கட்டப்பட்ட நிலையில் குப்புறக் கவிழ்ந்தால் திரும்ப வராது.

சாக்ஸ், கையுறை போட்டா கீறாம இருக்குமே?

நகத்தை வெட்டிவிட்டால் கீறாது. கையுறையையும் சாக்ஸையும் பற்றி நான் இவ்வளவு கவலைப்படுவதற்குக் காரணம் உள்ளே இருக்கிற நூலும் முடியும். துவைக்கும்போது உங்கள் தலைமுடி ஒன்று சாக்ஸுக்குள் போய்விடும். குழந்தை காலை உதைக்க உதைக்க அந்த முடி ஏதாவது ஒரு கால்விரலின் அடியில் சுற்றிக்கொள்ளும். பிரசவத்துக்குப் பிறகு அம்மாவுக்கு முடி கொட்டுகிற மாதங்களில் இது அதிகம். ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கும், முதலில் செக்கச் சிவப்பு, பிறகு நீலம். முடி வீக்கத்துக்குள் புதைந்துவிடுவதால் கண்ணுக்கே தெரியாது. கவனிக்காமல் விட்டால் விரலே போய்விடலாம்.

அதனால் சாக்ஸை எப்போதும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் போடுங்கள். பசியும் இல்லை, ஈரமும் இல்லை, குழந்தை நிறுத்தாமல் வீறிட்டு அழுகிறது என்றால் நாங்கள் முதலில் சாக்ஸைக் கழற்றிப் பத்து விரலையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்போம். ஆண் குழந்தை என்றால் குறியையும் பார்க்க வேண்டும், அங்கேயும் முடி சுற்றும். எளிதாக எடுக்க வராவிட்டால் நேரே மருத்துவமனைதான்.

லைட் எரியற ஷூ வாங்கிக் குடுத்திருக்கோம், அவனுக்கு உசுரு அது.

சாயங்காலம் வீட்டில் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது போடட்டும், அதுவும் அடிப்பாகம் தேயாதவரை. உள்ளே இருப்பது பட்டன் மாதிரி வட்ட பேட்டரி. அடி பிளந்து அது வெளியே வந்து ஒரு குழந்தை விழுங்கினால், உணவுக்குழாயில் சிக்கி இரண்டே மணி நேரத்தில் சதையைப் புண்ணாக்கிவிடும். பீப்பி சத்தம் போடுகிற ஷூவிலும் அந்தச் சின்ன ஊதல் தனியாகக் கழன்றுவரும்.

இங்கே உள்ளே எல்லோரும் வெறுங்கால்தான். நடை பழகுகிற பிள்ளைக்கு அதுதான் நல்லது, தரை பிடிபடும். டைல்ஸ் தரையில் சாக்ஸோடு நடந்தால் வழுக்கும். வெளியே போக, பின்பக்கம் பட்டியுள்ள, ஒட்டிக்கொள்ளும் மூடியுள்ள செருப்பு போதும்.

ஜட்டி பழக்கறோம். ஜீன்ஸ் போட்டு விடலாமா?

போடாதீர்கள். "வருது" என்று சொல்வதற்கும் வருவதற்கும் நடுவே கிடைப்பது கொஞ்ச நேரம்தான். பெல்ட், கொக்கி, தோள்பட்டி வைத்த பேண்ட் எதையும் அதற்குள் கழற்ற முடியாது. பிள்ளை தானே இறக்கிக்கொள்கிற எலாஸ்டிக் டிரவுசர்தான் சரி. மாலையில் கழற்றும்போது இடுப்பைப் பாருங்கள். எலாஸ்டிக் தடம் லேசாக இருந்தால் பரவாயில்லை, பள்ளமாக வெகுநேரம் இருந்தால் அடுத்த அளவு வாங்குங்கள்.

ஜிப் வேண்டவே வேண்டாம். ஆண் பிள்ளைகளுக்கு முன்தோல் ஜிப்பில் மாட்டும். மாட்டிவிட்டால் மேலேயும் கீழேயும் இழுக்காதீர்கள், மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள். அவர்கள் ஜிப்பின் நகர்த்தியை வெட்டி எடுத்துவிடுவார்கள்.

பொறந்தநாளைக்குப் பட்டுப்பாவாடையும் நெட் ஃபிராக்கும் போட்டு அனுப்பக் கூடாதா? ஒரு நாள்தானே?

ஒரு நாள்தான், அதுவும் பிள்ளைக்கு முக்கியமான நாள். போட்டு அனுப்புங்கள், ஆனால் கூடவே ஒரு பருத்திச் சட்டையும் கொடுங்கள். பாட்டுப் பாடி, படம் எடுத்து, மிட்டாய் கொடுத்தவுடன் மாற்றிவிடுகிறோம். பாவாடை கணுக்காலுக்கு மேலே நிற்க வேண்டும். தரையைத் தொட்டால் மிதித்து விழுவாள். ஜரிகையும், ஃபிராக்கை விரித்து நிறுத்துகிற கேன்கேன் வலையும் தோலில் படாமல் உள்ளே ஒரு பருத்தி பெட்டிகோட் போட்டுவிடுங்கள்.

தீ விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்போம். நைலான் வலை தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், பருத்தி அப்படி ஒட்டாது. பருத்தியும் எரியும்தான், விரிந்து நிற்கிற எந்தப் பாவாடையும் தீயை எட்டிப் பிடிக்கும். அதனால் கேக்கில் மெழுகுவர்த்தி கிடையாது. சரஸ்வதி பூஜைக்குக் குத்துவிளக்கு ஏற்றினால் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில்தான். எங்கேயாவது சுட்டுவிட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரைக் காட்டுங்கள். ஒட்டியிருக்கும் துணியைப் பிய்க்கக் கூடாது, பேஸ்ட்டும் மாவும் தடவக் கூடாது.

கொசு கடிக்குதுன்னு சட்டைல ஒட்டற ஸ்டிக்கர் வாங்கிருக்கேன். ஒட்டி அனுப்பட்டுமா?

ஸ்டிக்கரைப் பிள்ளைகள் உரித்து வாயில் போடுவார்கள், வேண்டாம். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, அதாவது பிள்ளை எங்களிடம் இருக்கும் நேரத்தில். மழைக்காலத்தில் தளர்வான, மெல்லிய முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை பேண்ட்டும் கொடுங்கள். ஜன்னல் வலையும் தேங்காத தண்ணீரும் எங்கள் பொறுப்பு, அதை எங்களிடம் கேட்டு வாங்குங்கள்.

பெரியவனோட துணி பரண்ல பத்திரமா வெச்சிருக்கேன். அதையே சின்னவனுக்குப் போடலாமில்ல?

தாராளமாக. பல தடவை துவைத்த பழைய பருத்தி புதுசைவிட மிருதுவாக இருக்கும். ஆனால் அந்துருண்டை போட்டு வைத்திருந்தீர்களா? அதில் இருக்கிற நாப்தலீன் துணியில் ஏறிவிடும். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் நம் நாட்டில் உண்டு. அவர்களுக்கு அந்துருண்டை வாசனையேறிய துணியும் போர்வையும் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, மஞ்சள்காமாலையையும் கடுமையான ரத்தசோகையையும் கொண்டுவரலாம். பிறந்தவுடன் சோதித்துப் பார்க்காதவரை பிள்ளைக்கு அந்தக் குறைபாடு இருப்பது வெளியே தெரியாது.

வாசனை சுத்தமாகப் போகிறவரை துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். போகாவிட்டால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள். இனிமேல் எடுத்து வைப்பதற்கு வேப்பிலையைக் காயவைத்துத் துணியில் முடிந்து போட்டால் போதும். அப்புறம், பழைய துணியில் எலாஸ்டிக்கும் பட்டன் நூலும் இற்றுப்போயிருக்கும். மேலே பட்டனுக்குச் சொன்ன இழுவைச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

துணிய டெட்டால்ல முக்கி எடுக்கணுமா?

தினமும் வேண்டியதில்லை. சோப்பு நுரை முழுவதும் போகிறவரை அலசுவதும் நல்ல வெயிலும்தான் முக்கியம். பல தடிப்புகளுக்குக் காரணம் துணியில் தங்கிய சோப்புதான். புதுத்துணியை ஒருமுறை துவைத்துவிட்டே போடுங்கள், மொடமொடப்புக்குப் போட்ட மருந்தும் மிச்சச் சாயமும் போகட்டும்.

பேரு எங்க எழுதறது?

உள்பக்கம், பக்கவாட்டுத் தையல் ஓரத்தில், அழியாத மார்க்கரில். ஒட்டுகிற லேபிள் உரிந்துவிடும். நெஞ்சில் பெரிதாகப் பெயர் தைத்த சட்டையும் வேண்டாம், வாசலில் நிற்கிற முன்பின் தெரியாத ஆள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை தெரிந்தவர் என்று நம்பிவிடும்.

எங்க கம்பெனியிலயே காப்பகம் இருக்கு. இதெல்லாம் அங்க பாக்கறாங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

நேரில் போய்ப் பாருங்கள். ஐம்பதோ அதற்கு மேலோ பேர் வேலை செய்கிற இடத்தில் காப்பக வசதி வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் திருத்தம் வந்தது. அந்த நாலில் ஒன்றைத் தூங்குகிற நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கழுத்துத் துணி அவிழ்த்திருக்கிறதா, கைக்குழந்தைகள் மல்லாக்கப் படுத்திருக்கிறார்களா, கட்டிலுக்கு எட்டும் தூரத்தில் திரைச்சீலைக் கயிறு தொங்குகிறதா என்று பாருங்கள். "கழன்று விழுந்த பட்டனை என்ன செய்வீர்கள்?" என்று ஓர் ஆயாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். எடுத்து வைத்து, எந்தச் சட்டையில் இருந்து வந்தது என்று தேடுவோம் என்றால் நல்ல இடம்.

எல்லாம் பாத்தும், பட்டன முழுங்கிட்டான்னா என்ன பண்றது?

இருமிக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தால் காற்று போய்வருகிறது என்று பொருள். இருமவிடுங்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடும். சத்தமே வராமல் முகம் நீலமானால் ஒருவர் 108க்குப் போன் செய்ய, மற்றவர் உடனே தொடங்க வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ இருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. வராவிட்டால் மல்லாத்தி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து அழுத்து. பொருள் வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் ஐந்து தட்டிய பிறகு, பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே கைமுட்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். நினைவு தப்பினால் தரையில் படுக்கவைத்து நெஞ்சழுத்தம் கொடுக்கத் தொடங்குங்கள்.

விழுங்கியது ஷூவின் வட்ட பேட்டரி என்று துளி சந்தேகம் இருந்தாலும், பிள்ளை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாலும், காத்திருக்காமல் எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். பிள்ளை போட்டிருந்த சட்டையையோ ஷூவையோ கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். மிச்சமிருக்கும் பட்டனையும் மற்றக் கால் ஷூவின் பேட்டரியையும் பார்த்தால், உள்ளே போனது எது, எவ்வளவு பெரியது என்று மருத்துவருக்கு உடனே தெரிந்துவிடும்.